விருப்பமும் கட்டாயமும்: ‘எம்’ திரைப்படத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘எம்’ (1931) அவருடைய முதற் பேசும்படமாகும். பெருநகரொன்றில் குழந்தைகளைக் கொன்றுவரும் ஒருவனைக் காவல்துறை தேடுகிறது. ஓயாத சோதனைகளால் தம் தொழில் கெட்டுப்போன திருடர் கூட்டமும் அவனைத் தேடுகிறது. திருடர்களே முந்திக்கொள்கின்றனர், கைவிடப்பட்ட சாராய ஆலையொன்றில் அவனை நிறுத்தித் தாமே வழக்கு நடத்துகின்றனர். அவனுக்கு மரண தண்டனை தகுமா என்னும் வாதம் அங்கு இரண்டு மூன்று துணைவினைகளைச் சுற்றியே நிகழ்கிறது. அவற்றைத் தமிழாக்குவதிலுள்ள இடர்ப்பாட்டை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பீட்டர் லோரே நடித்த ஹான்ஸ் பெக்கர்ட் தன் நிலையைக் கூறுகையில் ‘வில் நிஷ்ட்’, ‘முஸ்’ என்னும் வடிவங்களை மாறி மாறிக் கதறுகிறான். முன்னது விருப்பமின்மை, பின்னது கட்டாயம். ஜெர்மனில் இவை வெவ்வேறு வினைகள். தமிழிலோ இரு பொருளையும் ‘வேண்டும்’ என்னும் ஒரே வினை சுமக்கிறது. ‘எனக்குப் பணம் வேண்டும்’ என்பதில் விருப்பம். ‘நான் வரி கட்ட வேண்டும்’ என்பதில் கட்டாயம். ‘நான் ஊருக்குப் போக வேண்டும்’ என்பதில் எதுவென்று சூழலே காட்டும். இவ்வினையைக் கொண்டு பெயர்ப்போமாயின், பெக்கர்ட் எதை மறுக்கிறானோ அதையே அவன் வாயில் இட்டவராவோம். ‘கொன்றே ஆக வேண்டும்’ என அழுத்தினாலும் பயனில்லை. அது வஞ்சினமாக ஒலிக்கும். எஞ்சுவது ‘கொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை’ என்பதே. கதறலின் ஓரசைச் சுருக்கம் இதில் போய்விடுகிறது; பொருளேனும் பிழைக்கிறது.

திருடர் தலைவன் இந்த இயலாமையையே பற்றிக்கொள்கிறான்: வேறுவிதமாக நடக்க இயலாதவன் ஒழிக்கப்பட வேண்டியவன். பெக்கர்ட்டுக்காகப் பேச நிறுத்தப்பட்டவனோ அதிலிருந்தே நேர்மாறான முடிவுக்கு வருகிறான்: கட்டாயத்துக்கு ஆட்பட்டவன் செயலுக்குப் பொறுப்பாகான், அவனைக் கொல்ல அரசுக்கும் உரிமையில்லை. ஜெர்மன் நிகழ்கால வடிவம் இருவருக்கும் இடம் தருகிறது. தமிழ் இங்கே ‘முடியவில்லை’, ‘முடியாது’ என இரண்டாகப் பிரிகிறது. முன்னது நேர்ந்ததைப் பற்றிய வாக்குமூலம். பின்னது இனியும் அப்படித்தான் என்னும் தீர்மானம். நான் பெக்கர்ட்டுக்கு முன்னதையும் தலைவனுக்குப் பின்னதையும் தருவேன். மூலத்தில் மறைந்துள்ள தாவல் தமிழில் வெளிப்பட்டுவிடும் என்பது உண்மையே. அக்குறையை ஏற்பதே மேல்.

வழக்காடலில் எள்ளலாகக் குறிக்கப்படும் 51ஆம் பிரிவும் கவனத்துக்குரியது. அன்றைய ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் அப்பிரிவு, குற்றவாளியின் தன்விருப்பத் தீர்மானம் அற்றுப்போயிருந்ததா என வினவியது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் வினவுவது, செய்வதன் தன்மையையோ அதன் தவற்றையோ அறிய இயலாத நிலையில் அவன் இருந்தானா என்பதை. பெக்கர்ட் அறிந்தவன், அடக்கத்தான் இயலாதவன். எனவே 51ஐ ‘84’ என்று மாற்றி எழுதும் மொழிபெயர்ப்பாளர் அவனுடைய வாதத்தையே பறித்துவிடுவார்.

படம் வெளிவந்தது 1931 மே மாதம். அதே ஆண்டு ஜூலை 2 அன்று பீட்டர் க்யூர்ட்டன் என்னும் தொடர்கொலையாளிக்குக் கொலோன் நகரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மேற்கு ஜெர்மனி 1949இல் அத்தண்டனையை ஒழித்தது. படத்திலோ அரசு நீதிபதிகள் அமர்ந்ததும், தண்டனை ஒலிக்குமுன் காட்சி மாறுகிறது. பிள்ளையை இழந்த தாயொருத்தி, இதனால் நம் பிள்ளைகள் திரும்பப்போவதில்லை, குழந்தைகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தில் பேசுகிறாள். இவ்விடத்தில் ‘வேண்டும்’ தடையின்றிப் பொருந்துகிறது.