குளவியும் பூகம்பமும்

உபந்யாசம் கேட்டுப் பழகியவர்களுக்குக் குளவியின் திருஷ்டாந்தம் புதிதன்று. குருவானவர் பக்குவமற்ற சீஷனையும் தம்மைப் போலவே ஆக்கிவிடுகிறார் என்பதை விளக்கவரும் பௌராணிகர், வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியானது எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைக் கொண்டுவந்து கூட்டுக்குள் அடைத்து, அதைக் கொட்டிக் கொட்டித் தன்னையே இடைவிடாது நினைக்கச் செய்து, கடைசியில் அந்தப் புழுவையும் குளவியாகவே பறக்கவிடுகிறது என்று சொல்லுவார். சபையும் மெய்ம்மறந்து தலையசைக்கும். வடமொழியில் இதைப் பிரமர கீட நியாயம் என்பார்கள்.

இதைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி, அதுவரையில் பிரத்தியக்ஷம்தான். நடுவே மண்சுவர் மறைத்த காரியத்தை மாத்திரம் அவர்கள் பக்தியினால் ஊகித்து நிரப்பிவிட்டார்கள். கூட்டை உடைத்துப் பொறுமையாக உற்றுநோக்கியவர்கள் கண்ட விஷயம் வேறு. தாய்க் குளவி புழுவைக் கொட்டுவது உபதேசத்துக்காக அல்ல. அது அசையாமல் கிடக்க வேண்டும், ஆனால் சாகவும் கூடாது, செத்தால் அழுகிப்போகும் என்பதற்காக. புழுவோடு கூட ஒரு முட்டையையும் இட்டுக் கூட்டை அடைத்துவிட்டு அது போய்விடுகிறது. முட்டையிலிருந்து பிறக்கும் குளவிக் குஞ்சு, அசைய முடியாமல் உயிரோடு கிடக்கும் அந்தப் புழுவைத் தின்றே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்து வெளியே வருகிறது. சீஷன் குருவாகவில்லை, குருவின் பிள்ளைக்கு ஆகாரமானான்.

டார்வினை வாட்டிய பிராணியும் ஏறக்குறைய இதுவேதான். உயிர்களின் தோற்றத்தைப் பற்றிய தமது பெரிய நூலை 1859-ல் வெளியிட்ட பின், அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் ஆசா கிரே என்ற அமெரிக்கத் தாவர சாஸ்திரிக்கு எழுதிய கடிதத்தில், புழுவின் உடலுக்குள்ளேயே தன் சந்ததியை வளர்க்கும் ஒரு குளவி வகையைக் குறிப்பிட்டு, கருணையும் சர்வ வல்லமையும் உடைய ஓர் ஈசுவரன் வேண்டுமென்றே இப்படி ஒரு ஜீவனைப் படைத்திருப்பான் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்று எழுதினார். கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். டார்வினுடைய சித்தாந்தத்தை அமெரிக்காவில் ஆதரித்து வாதாடியவரும் அவரே. அவரோடு சண்டையிட டார்வின் எழுதவில்லை; இந்த விஷயம் மனித புத்திக்கு எட்டாத ஆழமுடையதென்றும் அதே கடிதத்தில் சொல்லி, ஒரு முடிவுக்கு வராமலே விட்டார்.

இந்தச் சந்தேகம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று எண்ணுகிறவர்கள் புறநானூற்றின் 194-ஆம் பாட்டைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகத்தைக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், அதைப் படைத்தவனைப் பண்பற்றவன் என்றே தூற்றிவிடுகிறார். படைத்தவன் இல்லை என்று அவர் வாதாடவில்லை. அவனுடைய யோக்கியதையைத்தான் கேள்வி கேட்கிறார். நாஸ்திகத்தைவிட இது துணிச்சலான நிலை என்பது என் அபிப்பிராயம்.

குளவியிடத்தில் குருவின் கருணையைக் கண்டவர்களும், குரூரத்தைக் கண்ட நம்மைப் போன்றவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. குளவிக்குப் புழுவின் மேல் பகையுமில்லை, தயையுமில்லை. அதன் பிள்ளை வளர்கிறது, அவ்வளவே. ஆயினும் பௌராணிகரின் உவமையினால் யாருக்கும் கேடு விளைந்ததில்லை. இயற்கையினிடத்தில் அருளைப் படித்தவர்கள் கைகூப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தண்டனையைப் படிக்கத் தொடங்குகிறவர்களோ, அடுத்த நிமிஷமே குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு நம் தேசத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. அந்த விவாதத்தின் விதை ஊன்றப்பட்டதோ தமிழ்நாட்டு மண்ணில்.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர், பீகாரும் நேபாளமும் குலுங்கின. கங்கைக் கரையிலுள்ள மோங்கீர் நகரம் ஏறக்குறைய மண்மேடாயிற்று, முஸப்பர்பூரிலும் பேரழிவு, காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் அரண்மனைகளும் கோயில்களும் சரிந்தன. பீகாரில் மாத்திரம் 7,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நேபாளத்தையும் சேர்த்தால் தொகை 10,000-ஐத் தாண்டும். பூகம்பம் பிறந்த இடம் எவரெஸ்டு சிகரத்துக்குத் தெற்கே கிழக்கு நேபாளத்தில். அப்படியிருக்க, வெகு தூரத்துச் சமவெளி ஊர்கள் ஏன் இப்படிப் பாழாயின என்பது நியாயமான கேள்வி. இமயத்திலிருந்து இறங்கும் நதிகள் யுகயுகமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் அந்த ஊர்கள் நிற்கின்றன. நீர் ஊறிய மணல் பலமாகக் குலுக்கப்படும்போது மண்ணின் இறுக்கத்தை இழந்து, சிறிது நேரம் குழம்பாகவே ஆகிவிடுகிறது. அதன் மேலிருக்கும் வீடு சாய்கிறது, அல்லது அமிழ்கிறது. பூமியின் பிளவுகளிலிருந்து நீரும் மணலும் பீறிட்டு வயல்களை மூடுகின்றன. வடபீகாரில் சீதாமடி, மதுபனி வழியாகப் பூர்ணியா வரையில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு இவ்வாறு நிலம் சரிந்து அமிழ்ந்த ஒரு பட்டையைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் வரைந்து காட்டினார்கள். பாரதபூமியைத் தாங்கிய பாறைத் தட்டு இமயத்தின் அடியில் வடக்கு நோக்கி நெருக்கிக்கொண்டே இருப்பதால் சேரும் விசை, தாங்க முடியாத எல்லையை எட்டியதும் வழுக்கி விடுபடுகிறது. அது வழுக்கும் நாளில் மேலே வாழ்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அதன் கணக்கில் வருவதில்லை.

அந்தச் சமயத்தில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24-ஆம் தேதி திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பேசுகையில், பீகாரின் இந்த உற்பாதம் தீண்டாமை என்னும் பாவத்துக்காக ஈசுவரன் அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். மூடநம்பிக்கை என்று பிறர் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாமலில்லை; அந்த அளவு மூடநம்பிக்கை தம்மோடு சேர்ந்து உங்களுக்கும் இருக்கட்டும் என்று ஜனங்களையே கேட்டுக்கொண்டார்.

இதைப் பத்திரிகையில் படித்த ரவீந்திரநாத் தாகூர் மனம் நொந்தார். அவர் காந்தியின் விரோதியல்லர். தீண்டாமை விஷயத்தில் எதிர்க்கட்சியும் அல்லர். 1932 செப்டம்பரில் ஏரவாடா சிறையில் காந்தி உபவாசத்தை முடித்தபோது அருகில் அமர்ந்திருந்தவர். நாஸ்திகரும் அல்லர் என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவர் எழுதிய மறுப்பைக் காந்தி தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே, பிப்ரவரி 16-ஆம் தேதி இதழில், தம் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். எதிரி வாதத்துக்குத் தன் வீட்டிலேயே ஆசனம் போட்டுக் கொடுக்கும் அந்த மரியாதை இன்று எத்தனை பத்திரிகைகளில் மிஞ்சியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

தாகூரின் வாதம் எளிமையானது. பௌதிக உற்பாதங்களுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு. நம் பாவங்கள் எவ்வளவு பெரியவையாயினும் சிருஷ்டியின் கட்டுக்கோப்பையே அசைத்துத் தகர்க்கும் வலிமை அவற்றுக்கு இல்லை என்றார். தூரத்தில் சுகமாக இருக்கிற குற்றவாளிகளுக்குப் பாடம் கற்பிப்பதற்காக, அகப்பட்டவர்களையெல்லாம், குழந்தைகளையும், எந்த ஜனங்களுக்கு அநீதி நேர்ந்ததோ அவர்களையுமே சேர்த்துக் கொல்லுகிற காரியத்தை நாகரிகமுள்ள ஒரு மனித அரசன்கூடச் செய்யமாட்டானே என்றும் கேட்டார். மோங்கீரில் சுவர் விழுந்து செத்தவர்களில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களை ஒதுக்கிய பாவத்துக்கு அவர்களே தண்டனை அனுபவிப்பதென்றால் இந்த நீதி எந்த ஸ்மிருதியைச் சேர்ந்தது? மற்றொன்றும் தாகூர் சுட்டிக்காட்டினார்: இந்த வகை யுக்தி காந்தியின் எதிரிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும், கோயிலைத் திறக்கச் சொன்ன பாவத்தால்தான் பூமி குலுங்கியது என்று அவர்கள் சொல்லியிருந்தால் தமக்கு ஆச்சரியமாக இராது என்றார்.

காந்தியின் பதிலைப் படிக்கிறவர்கள் அதில் பிடிவாதத்தோடு ஒரு விநயத்தையும் காண்பார்கள். ஈசுவரனுடைய நியதிகள் தமக்கு முழுவதும் தெரியா என்று ஒப்புக்கொள்கிறார். ஆயினும் ஜடத்துக்கும் சேதனத்துக்கும் உள்ள சம்பந்தத்தைத் தம் உள்ளுணர்வில் அறிவதாகச் சொல்கிறார். முத்தாய்ப்பாக, தம் நம்பிக்கை ஆதாரமற்றதென்றே பின்னால் தெரியவந்தாலும், தம்மையும் தம்மோடு நம்பியவர்களையும் ஆத்ம சுத்தியில் அதிகமாக முயலச் செய்ததனால் அது நன்மையே செய்திருக்கும் என்கிறார்.

என்னால் அவரோடு செல்ல முடியாத இடம் இந்த முத்தாய்ப்புதான். நன்மை பயக்குமானால் பொய்யும் நம்பத் தக்கதே என்ற வாசலைத் திறந்துவிட்டால், அதன் வழியாக எவனெவன் எந்தெந்த நன்மையைத் தூக்கிக்கொண்டு நுழைவான் என்பதற்கு வரம்பில்லை. இந்தப் பேச்சைப் படித்துத் திகைத்த ஜவஹர்லால் நேரு தம் சுயசரிதையில் இதையே வேறு விதமாகக் கேட்டார்: சட்டமறுப்பில் வடபீகார் முன்னணியில் நின்றதாகையால், இது சட்டமறுப்புக்குத் தெய்வம் தந்த தண்டனை என்று ஆங்கில அரசாங்கமும் சொல்லிக்கொள்ளலாமே? பூகம்பம் எந்தக் கட்சிக்கும் கையெழுத்திட்டுக் கொடுக்கக்கூடிய சாட்சி. குறுக்கு விசாரணைக்கு மட்டும் அது வராது. தீண்டாமை தவறு என்பதற்குப் பூமி குலுங்கிச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறவனைக் கிணற்றில் நீர் இறைக்கவிடாமல் தடுப்பது, பீகார் குலுங்கியிருந்தாலும் குலுங்காவிட்டாலும், அதே அளவு அநீதிதான். குலுங்காத ராஜ்யத்தில் அது குறைந்த அநீதியா?

ஐரோப்பா இந்த வழக்கை முன்னமே விசாரித்தது. 1755 நவம்பர் முதல் தேதி, சகல புனிதர்களின் திருநாளன்று, ஜனங்கள் மாதா கோயில்களில் நிறைந்திருந்த காலை வேளையில் லிஸ்பன் நகரம் இடிந்தது. பின்னால் கடல் ஏறியது. மெழுகுவத்திகளும் அடுப்புகளும் பற்றவைத்த தீ எஞ்சியதை எரித்தது. பாவத்தின் பலன் என்று பாதிரிமார் சிலர் பிரசங்கித்தார்கள். வால்டேர் உலகம் நன்றாகவே அமைந்திருக்கிறது என்ற சித்தாந்தத்தைக் கவிதையில் நொறுக்கினார். எனக்கு அவரைவிட ரூஸோவின் பதிலே பிடித்திருக்கிறது. ஆறேழு அடுக்கு வீடுகளை நெருக்கிக் கட்டச் சொன்னது இயற்கையா என்று அவர் கேட்டார். தெய்வத்தைக் காப்பாற்றும் பொருட்டுத்தான் கேட்டார் என்றாலும், அந்தக் கேள்வி மனிதனை அவனுடைய வேலைக்கு அழைத்தது. லிஸ்பனை மறுபடி கட்டியபோது சுவர்களுக்குள்ளே மரச் சட்டங்களைப் பின்னிக் குலுக்கலைத் தாங்கும் வீடுகளை அமைத்தார்கள்.

இவ்வளவும் சொல்லி ஆஸ்திகர்களை மாத்திரம் குற்றம் சாட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. இயற்கையை நீதி நூலாகப் படிக்கும் சபலம் கடவுளை விட்டவர்களையும் விடவில்லை. 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற சொற்றொடரை உண்டாக்கிய ஹெர்பர்ட் ஸ்பென்ஸர், ஏழைகளுக்கு அரசாங்கம் உதவுவதே கூடாது என்று வாதாடினார். உபந்யாசத்துக் குளவி போய், காட்டுச் சண்டை குருவாயிற்று. இப்படி வாதாடியவர்களுக்குப் பதில் சொன்னவர் டார்வினின் 'புல்டாக்' நாய் என்றே பெயர் பெற்ற தாமஸ் ஹக்ஸ்லி. 1893-ல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய சொற்பொழிவில், பிரபஞ்சத்தின் போக்கைப் பின்பற்றுவது தர்மமாகாது, அதை எதிர்த்துப் போராடுவதில்தான் சமூகத்தின் தர்மம் வளர்கிறது என்று அவர் வாதித்தார். விஞ்ஞானியின் வாயிலிருந்து இது வந்ததுதான் இதன் அழகு.

அப்படியானால் இயற்கையிலும் இல்லாத, வானத்திலிருந்தும் இறங்காத தர்மம் எங்கிருந்து வருகிறது என்று ஆஸ்திக நண்பர்கள் கேட்பார்கள். அதற்கு என்னிடம் சித்தாந்தமாக ஒரு விடையும் இல்லை. பீகாரில் நடந்ததைச் சொல்லலாம். பூகம்பத்தின்போது கைதியாயிருந்த ராஜேந்திர பிரசாத் இரண்டு நாளில் விடுதலையாகி நிவாரணக் கமிட்டியை அமைத்தார். நேரு மோங்கீரின் இடிபாடுகளில் தாமே மண்வெட்டி பிடித்தார். காந்தியும் மார்ச் மாதம் பீகாருக்கு வந்து கிராமம் கிராமமாகச் சென்றார். தெய்வத்தின் தண்டனை என்று மெய்யாகவே எண்ணினால், தண்டிக்கப்பட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது தெய்வத்தின் தீர்ப்பில் தலையிடுவதாகும். அப்படி அவர் ஒரு கணமும் எண்ணவில்லை. அவருடைய சித்தாந்தம் ஒரு வழி போக, அவருடைய கருணை வேறு வழி போயிற்று. கருணை போன வழியே சரியென்பதில் தாகூருக்கும் நேருவுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதமில்லை.

சனாதனிகளோ பூமி குலுங்கியதைக் கண்டு மனம் மாறியதாகத் தெரியவில்லை. அந்த ஏப்ரல் மாதக் கடைசியில், அன்று அதே பீகார் மாகாணத்தைச் சேர்ந்திருந்த தேவ்கருக்கு யாத்திரையாகச் சென்ற காந்தியின் மோட்டாரைத் தீண்டாமையை ஆதரித்தவர்கள் வழிமறித்துத் தடிகளால் தாக்கிக் கண்ணாடியை உடைத்தார்கள்.