கூலர் பெட்டியில் பியர்: சூடும் சட்டமும்

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவோர் பலர், குளிர்பானம் வைக்கும் கூலர் பெட்டியை மால்ட் ஊறவைக்கும் கலனாக மாற்றிக்கொள்கிறார்கள். நொறுக்கிய பார்லி மால்ட்டை ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். குளிரைக் காக்கும் இரட்டைச் சுவர் சூட்டையும் காப்பதால் அந்த நேரம் முழுக்க அடுப்பு தேவையில்லை. வேலை இவ்வளவு எளிது என்பதாலேயே பலர் அசட்டையாகச் செய்து கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முதல் தவறு, கொதிநீரை அப்படியே ஊற்றுவது. பெரும்பாலான கூலர்கள் குளிர்ந்த பொருளுக்கென்றே விற்கப்படுபவை. கொதிநீர் பட்டால் உட்சுவர் நெளியும், விரிசல் விடும். 73 டிகிரி அளவு நீர் போதும். மால்ட் சேர்ந்ததும் சூடு தானே இறங்கிவிடும். தெர்மோகோல் பெட்டி இதற்கு ஆகவே ஆகாது.

இரண்டாவது, குழாய். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி, அதே துளையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பால் வால்வைப் பொருத்த வேண்டும். சுவரின் இரு பக்கமும் சிலிகான் வாஷர் வேண்டும். உள்ளே தானியம் அடைக்காமலிருக்கத் துளையிட்ட ஸ்டீல் தட்டு வைக்கலாம். பழைய பித்தளைப் பொருத்துகளில் ஈயம் இருக்கும். மால்ட் கரைசல் சற்றுப் புளிப்பானது, ஈயத்தைக் கரைத்தெடுக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று பித்தளையை வாங்கக் கூடாது. வாஷர் சரியாக உட்காராவிட்டால் கரைசல் சுவருக்குள் இருக்கும் நுரைப்பஞ்சில் இறங்கி நாறும். பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கி எறிவதுதான் வழி.

பொருத்தியதும் தரையில் வைத்து, 75 டிகிரி வெறும் நீரை நிரப்பி ஒரு மணி நேரம் கசிவு பார்க்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். இந்தச் சோதனை முடியாமல் பெட்டியை மேடையில் ஏற்றவே கூடாது: 20 லிட்டர் சுடுநீர் சரிந்தால் காலில்தான் விழும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்; பற்பசையோ ஐஸோ வைக்கக் கூடாது.

சட்டத்திலும் இதே அசட்டை. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டப்படி, ஆண்டுக்கு ஒரு வயதுவந்தவர் மட்டுமுள்ள வீட்டில் 100 கேலனும், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலனும் வரியின்றிக் காய்ச்சலாம். விண்ணப்பமோ கட்டணமோ இல்லை. ஆனால் மாநிலச் சட்டம் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. 2010-இல் ஒரிகன் மாநிலக் கண்காட்சியின் வீட்டு பியர் போட்டி நின்றுபோனது. வீட்டு பியரை வெளியே கொண்டுபோகச் சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் விளக்கம் தந்ததே காரணம். மறு ஆண்டு சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. மாநில மது ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்பதே பாதுகாப்பு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதில் இறங்கக் கூடாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பதே குற்றம்.

அமெரிக்காவிலும் விற்கக் கூடாது. நண்பரிடம் மால்ட் செலவை வாங்கிக்கொண்டு கொடுப்பதும் சிக்கலே. விற்க விரும்புவோர் மது, புகையிலை வரி மற்றும் வணிகப் பணியகத்திடம் 5130.10 எண் படிவத்தில் பியர் தயாரிப்பாளர் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இதற்குக் கட்டணமில்லை, இணையம் வழியே அனுப்பலாம். குடியிருக்கும் வீட்டை ஆலையாகக் காட்ட முடியாது என்பதால் முதலில் தனி இடம் தேவை. மாநில உரிமமும் வேண்டும். இரண்டும் கைக்கு வருமுன் ஒரு குவளைகூட விற்கக் கூடாது.