ஜப்பான் லேபிள்: தீப்பெட்டியிலிருந்து ஆல்பத்துக்கு

கோவில்பட்டிக் கரிசலில் தீப்பெட்டி ஆபீஸ்கள் வருமுன் நம் அடுப்புகளைப் பற்றவைத்தது கடல் கடந்து வந்த குச்சி. முதல் உலகப் போரின்போது சுவீடன் குச்சியை ஓரங்கட்டிச் சந்தையைப் பிடித்தது ஜப்பான். கோபே, ஒசாகா வணிகர்கள் யானை, புலி மட்டுமல்ல, நம் சாமி படங்களையும் லேபிளில் அச்சிட்டு அனுப்பினார்கள். எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிப் பெட்டி கேட்கலாம், கெட்டிக்கார வியாபாரம்!

1922-ல் தீப்பெட்டி இறக்குமதி வரி ஏறியது. அதே ஆண்டு சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். பிறகு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. மழை குறைந்த ஊர்கள். குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும்.

குப்பைக்குப் போகவேண்டிய அந்த ஜப்பான் லேபிள்களை இன்று சேகரிப்போர் பேரம் பேசி வாங்குகிறார்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பசைத் தழும்பு இருந்தால் பெட்டியிலிருந்து நனைத்து உரித்தது. சுத்தமாக இருந்தால் ஒட்டாமலே தங்கிய அச்சக இருப்பாக இருக்கலாம், அல்லது நேற்று அச்சிட்ட நகலாகவும் இருக்கலாம். உருப்பெருக்கியில் வரிசை தப்பாத நுண்புள்ளிகள் தெரிந்தால் அநேகமாக ஆஃப்செட் நகல்தான். பழைய மரக்கட்டை அச்சில் அந்தப் புள்ளிகள் இருக்காது. சிவப்பு மை கோட்டைத் தாண்டி மஞ்சளுக்குள் கொஞ்சம் வழிந்திருக்கும். அந்த வழிசலுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்கள். கிழிசலை மறைக்க அட்டையில் ஒட்டி விற்பதும் உண்டு. பின்பக்கம் காட்டாத லேபிளை அனுபவசாலிகள் தொடுவதில்லை.