அச்சில் ஏறாத தப்போசை

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் மாசி மாதம் வந்தால் காமன் கூத்துக்குக் கம்பம் நடுவார்கள். ரதியும் மன்மதனும் லயங்களைச் சுற்றி ஆடி வருவார்கள். கடைசியில் காமன் எரிவான்.

மலையகக் கலைகளை அறிய விரும்புவோருக்கு சி.வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) நல்ல தொடக்கம். அந்நூல் தோட்டத்துப் பாட்டுகளின் சொற்களைக் காத்துத் தந்தது. ஆனால் கூத்தின் உயிர் சொல்லில் மட்டுமா இருக்கிறது? தப்பின் அடி மாறும் இடமும், கால் எடுத்து வைக்கும் முறையும் கூத்து வாத்தியாரின் மனசுக்குள்தானே! பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டால் அவர் யாருக்குச் சொல்லிக் குடுப்பார்?

எங்கட பக்கீர் பாவாக்களின் றபான் அடிக்கும் இதே கேள்விதான். இனி நூல் எழுதுவோர் பாட்டோடு, பாடினவர் பேர், ஊர், தாளம் எல்லாவற்றையும் ஒலிப்பதிவாகவும் சேர்த்துத் தர வேணும்.