வட்டக்காயில் எந்த வர்க்கம் நல்லது?

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. எரிவாயுவுக்கு ஒரு வரிசை, எரிபொருளுக்கு ஒரு வரிசை, மரக்கறிக் கடைக்குப் போனால் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகின்ற நிலை. அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாகக் கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று சொன்ன காலம் அது. கண்டியிலும் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களிலும் அதுவரை மண்வெட்டி பிடித்தறியாத கைகள்கூட மண்ணைக் கொத்தின.

எங்கள் மாமி ஒருவரும் கொத்தினார். கடையில் ஒரு விதைப் பைக்கற்றை வாங்கினார். அதன் மேல் இரு கைகளாலும் தூக்க வேண்டிய பெரிய வட்டக்காயின் படம் இருந்தது. கொடி நன்றாகத்தான் ஓடியது, பூத்தது. ஒக்டோபர் மழை தொடங்கியதும் இலைகள் மஞ்சளாகிக் கருகின. பிஞ்சுகள் அழுகி விழுந்தன. நான்கு மாத உழைப்பில் வீட்டுக்கு வந்தவை இரண்டே காய்கள். அவையும் கறியில் தண்ணீராய்க் கரைந்தன.

“மகள், படத்தப் பார்த்து ஏமாந்து போனேன்” என்றார் மாமி. “பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன்னுடைய உம்மா காலத்து விதையைத்தான் போட்டார். சின்னக் காய்தான். ஆனா, கூரை நிறையக் காய்ச்சிருக்கு.”

அப்படியென்றால் பழைய விதைதான் நல்லது, பைக்கற் விதை கெட்டது என்று முடிவு செய்துவிடலாமா? சற்றுப் பொறுங்கள். பெரியம்மாவின் கொடி வெயில் படும் கூரை மீது ஏறியிருந்தது. மாமியின் கொடியோ மண்மேட்டின் அடியில், நீர் தேங்கும் ஈரத்தில் கிடந்தது. நல்லது விதையா, இடமா? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் விதை வாங்குவதும் விதையை வீசுவதும் இரண்டும் தவறே.

பெயரும் பிறப்பும்

நாம் வட்டக்காய் என்பதை யாழ்ப்பாணத்தார் பூசணிக்காய் என்பர். தமிழ்நாட்டில் பரங்கிக்காய் என்ற பெயரும் உண்டு. பரங்கியர் கொண்டு வந்த காய் என்பதே அதன் பொருள். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கு சென்ற பின்னரே இது மற்றைய நாடுகளுக்குப் பரவியது.

இங்கு ஒரு விளக்கம் அவசியம். தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் நபி (ஸல்) அவர்கள் ‘துப்பா’வைத் தேடி எடுத்து உண்டதையும், அன்று முதல் தாமும் அதை விரும்பியதையும் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் அறிவிக்கின்ற ஹதீஸை நாம் அறிவோம். அதைச் சிலர் வட்டக்காய் என்று மொழிபெயர்ப்பதுண்டு. ஆனால் அக்காலத்தில் அரபு நாட்டில் வட்டக்காய் இருந்திருக்க முடியாது. அது சுரைக்காய் என்று கொள்வதே பொருத்தம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வட்டக்காய் என்று நாம் பொதுவாகச் சொல்வதிலும் வேறு வேறு இனங்கள் உண்டு. காம்பைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காம்பு கடினமாக, ஐந்து விளிம்புகளுடன், காயில் சேருமிடத்தில் விரிந்திருந்தால் அது மொஸ்சாட்டா இனம். காம்பு உருண்டையாக, தக்கை போல் மென்மையாக இருந்தால் அது மக்ஸிமா இனம். மொஸ்சாட்டா வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும். மக்ஸிமாவோ சற்றுக் குளிர்ந்த காலநிலையை விரும்பும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஈரக் காற்றுடன் உள்ள கண்டிக்கு முதலாவது இனமே பெரும்பாலும் ஒத்துவரும்.

நம் நாட்டில் விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த வர்க்கங்களில் ஏ.என்.கே. ருஹுணு, மீமினி ஆகியவை உண்டு. முதலாவதன் பெயரிலுள்ள எழுத்துகள் தெற்கேயுள்ள அங்குணகொலபெலஸ்ஸ ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பவை. இவை தவிர, அர்ஜுனா போன்ற கலப்பின விதைகளும் கடைகளில் விற்பனையாகின்றன.

நியாயமான போட்டி

பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தோட்டக்கலைப் பயிர்கள் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவகம் இருக்கின்றது. புதிய வர்க்கம் ஒன்றைச் சிபாரிசு செய்வதற்கு முன் அதை ஆய்வு நிலையத்திலும், பிறகு வெவ்வேறு பிரதேசங்களில் விவசாயிகளின் நிலங்களிலும் நட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கு பின்பற்றப்படும் முறையின் அடிப்படை, 1919இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் வகுத்தது. கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது வீட்டுப் பெண்களுக்குப் புரியாத விஷயமல்ல. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு பகிரும்போது ஒருவருக்கு மட்டும் பொரியல் வைத்துவிட்டு, யார் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று ஒப்பிட முடியுமா?

கண்டித் தோட்டங்கள் பெரும்பாலும் சரிவானவை. மேல் தட்டில் வெயிலும் வடிகாலும் அதிகம். கீழ்த் தட்டில் ஈரமும் மண்வளமும் அதிகம். ஆகவே மூன்று வர்க்கங்களை ஒப்பிட விரும்பினால், ஒவ்வொரு தட்டிலும் மூன்று குழிகளாக ஒன்பது குழிகள் எடுங்கள். குழிகளுக்கிடையே எட்டு அடி இடைவெளி விடுங்கள். எந்தக் குழியில் எந்த விதை என்பதை ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். நமக்குப் பிடித்த விதையை நல்ல இடத்தில் நாமே வைத்துவிடாதிருக்கத்தான் இந்தச் சீட்டு. ஒரே நாளில் நடுங்கள். ஒரே அளவு சேதனப் பசளையும் தண்ணீரும் கொடுங்கள். இடம் போதாதவர்கள் இரண்டு வர்க்கங்களுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

விளைச்சல்

பெரிய காய் என்றால் பெரிய விளைச்சல் என்று எண்ணுவதே முதல் தவறு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வர்க்கங்கள் இரண்டைப் பாருங்கள். கோ 1 வர்க்கத்தின் காய் 7 முதல் 8 கிலோ. அது சுமார் 175 நாள் பயிர். கோ 2 வர்க்கத்தின் காய் ஒன்றரை முதல் 2 கிலோதான். ஆனால் சுமார் 135 நாட்களில் முடிந்துவிடும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு எட்டுக் கிலோ காயை வெட்டினால் பாதியை அயலவருக்குக் கொடுக்க வேண்டும். அல்லது அழுகவிட வேண்டும். சிறிய காயோ ஒரு வேளைச் சமையலுடன் முடியும்.

எனவே ஒவ்வொரு குழிக்கும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். எத்தனை காய்கள், மொத்த நிறை என்ன, அழுகியும் பழ ஈ குத்தியும் போனவை எத்தனை, முதற் காயைப் பறிக்க எத்தனை நாட்கள் சென்றன. பிள்ளைகளின் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்று இதற்குப் போதும்.

காயின் தரம்

காம்பு காய்ந்து, நகத்தால் அழுத்தினாலும் தோலில் பதியாத போதுதான் காய் முற்றியது. துண்டுக் காம்புடன் பறித்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வையுங்கள். உள்ளே மாப்பொருள் மெல்லமெல்லச் சர்க்கரையாக மாறும். ஒன்றைப் பறித்த அன்றே சமைத்து, மற்றதை ஒரு மாதம் வைத்துச் சமைத்து ருசியை ஒப்பிடுவது நியாயமல்ல.

வெட்டியதும் சதையின் தடிப்பையும் நிறத்தையும் பாருங்கள். செம்மஞ்சள் ஆழமாக இருந்தால் கரோட்டின் அதிகம் என்று கொள்ளலாம். அதிலிருந்துதான் நம் உடல் விற்றமின் ஏ தயாரிக்கின்றது. அது உடலில் சேரச் சிறிது கொழுப்பும் வேண்டும். தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கும் நம் வழக்கம் வீணானதல்ல.

கறியில் கரையுமா, துண்டாக நிற்குமா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 100 கிராம் சதையை மெல்லியதாகச் சீவி நன்றாகக் காய வைத்து மீண்டும் நிறுங்கள். ஒன்றில் 6 கிராமும் மற்றதில் 12 கிராமும் மிஞ்சினால், முதலாவதைப் போல இரு மடங்கு சத்துப் பொருள் இரண்டாவதில் இருக்கின்றது. மீதியெல்லாம் தண்ணீர். நாம் காசு கொடுத்து வாங்குவதில் எவ்வளவு தண்ணீர் என்பதை அப்போது உணர்வீர்கள்!

நோயைத் தாங்குதல்

கண்டியில் மூன்று நோய்களைப் பிரித்தறிய வேண்டும்.

இலையின் மேல் மா தூவியது போல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது தூள் பூஞ்சணம். மழையில்லாத, ஆனால் இரவில் ஈரம் மிகுந்த நாட்களில் இது பரவும். இலை நரம்புகளுக்கிடையே கோணல் கோணலான மஞ்சள் புள்ளிகளும், அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணமும் இருந்தால் அது கீழ்ப்பூஞ்சணம். இது மழைக்கால நோய். மாமியின் கொடியை அழித்தது அநேகமாக இதுவே. இலை சுருங்கி, வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்து தோன்றினால் அது வைரசால் வரும் சித்திரவடிவ நோய். அழுக்கணவன் பூச்சிகள் இதைச் செடிக்குச் செடி கடத்துகின்றன. இதற்கு மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அகற்றுவதே வழி.

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நபர், ஒவ்வொரு குழிக்கும் 0 முதல் 5 வரை புள்ளி போடட்டும். நோயே இல்லையென்றால் 0. கொடி முழுவதும் பாதிக்கப்பட்டால் 5. ஒரு தட்டில் மட்டுமன்றி மூன்று தட்டுகளிலும் ஒரு வர்க்கம் குறைந்த புள்ளி பெற்றால், அதற்குத் தாங்கும் சக்தி இருப்பதாக நம்பலாம். ஒரு தட்டில் மட்டும் தப்பியிருந்தால் அது இடத்தின் உதவியாகவும் இருக்கலாம்.

உலகம் முழுவதும் வைரசை எதிர்க்கும் புதிய வர்க்கங்களை உருவாக்க ஆய்வாளர்கள் பயன்படுத்திய மூலங்களுள் ஒன்று நைஜீரியாவின் நாட்டு வட்டக்காய். மற்றொன்று போர்த்துக்கலின் மெனினா என்ற பழைய வர்க்கம். யாரோ ஒரு குடும்பம் பேணிவந்த விதை, பிற நாட்டு வயல்களையும் காக்க உதவியது. கன்னொறுவையில் 1988இல் அமைக்கப்பட்ட தாவரப் பரம்பரையலகு வளங்கள் நிலையம் நம் நாட்டு விதைகளைக் குளிரறைகளில் பாதுகாப்பதும் இதனால்தான். பெரியம்மாவின் போத்தலிலுள்ள விதையை எளிதாக எண்ணிவிடாதீர்கள்.

விதையைப் பேணுதல்

கலப்பினத்தின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே காய்க்காது. ஒவ்வொரு போகமும் புதிதாக வாங்க வேண்டும். நாட்டு வர்க்கத்தின் விதையை நாமே எடுக்கலாம். ஆனால் தேனீ பக்கத்துக் கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். ஆகவே மறுநாள் மலரவிருக்கும் ஆண் பூவையும், அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவையும் மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, மீண்டும் கட்டுங்கள். அந்தக் காயை அடையாளமிட்டு முற்ற விடுங்கள்.

மாமி என்ன செய்தார்?

அடுத்த போகத்தில் மாமி பெரியம்மாவிடம் ஒரு பிடி விதை கேட்டு வாங்கி, மீதமிருந்த பைக்கற் விதையுடன் ஆறு குழிகளில் நட்டார். இம்முறை நவம்பர் கடைசியில் நட்டதால் காய்கள் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் முற்றின. கொப்பியில் வந்த முடிவு அவருக்கே ஆச்சரியம். மேல் தட்டில் பைக்கற் விதையே அதிக நிறை கொடுத்திருந்தது! கீழ்த் தட்டில் அது நோயில் படுத்துவிட, பெரியம்மாவின் விதை நின்று காய்த்தது. சதைத் தடிப்பிலும் ருசியிலும் பெரியம்மாவின் காய்தான் முன்னால்.

இப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று. “கெட்டது விதையில்ல மகள், நான் பார்க்காம நட்டதுதான்” என்கிறார் அவர்.

சகோதரிகளே! எந்த வர்க்கம் நல்லது என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரே விடை இல்லை. உங்கள் மண்ணும் உங்கள் மழையும் சொல்வதுதான் உங்களுக்கு விடை. சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தை அழைத்துக் கேளுங்கள். அடுத்த மழைக்கு முன் இரண்டு வகை விதையும் ஒரு கொப்பியும் தயார் செய்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம் உங்கள் அயலவர் விதை கேட்டு உங்கள் வாசலுக்கு வருவார்.