ஊர் ஏக்கத்துக்கும் ஒரு சந்தை உண்டு
போர்த்துகல் நாட்டில் கண்ட வியாபாரப் பாடங்கள்



நாம் கடையைத் திறக்கும் சாவி, சரக்கு அடுக்கும் அலமாரி, கணக்கு எழுதும் மேசை, எண்ணெய் வந்திறங்கிய பீப்பாய், வராக்கடனுக்காகப் போடும் ஏலம் ஆகிய ஐந்து சொற்களும் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. பதிலுக்கு அவர்களும் நம் கரைகளிலிருந்து சொற்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாங்காயை 'மங்கா' என்பார்கள். பலாப்பழம் அவர்களுக்கு 'ஜாக்கா'. மலையாளத்துச் சக்கைதான் அங்கே அப்படி ஆயிற்று. கோழிச் சாற்றில் அரிசி போட்டுக் காய்ச்சி, உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுப்பதை 'கான்ஜா' என்கிறார்கள். அது நம் கஞ்சியேதான்.

ஐந்நூறு ஆண்டுப் பழக்கம் உள்ள அந்த நாட்டில், மருமகன் வேலை பார்க்கும் லிஸ்பன் நகரில், நானும் என் மனைவியும் இரண்டு மாதம் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. கோயில், கோட்டை பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு மண்டியில் உட்கார்ந்தவன் கண்ணில் பட்டவற்றை நம் உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிழைக்கப் போன இடத்தில் மனிதனுக்குச் சொந்த ஊர்ச் சாமான் எப்படிக் கிடைக்கிறது, அதை விற்பவர் யார், அதில் உள்ள தொல்லை என்ன என்பதையே முக்கியமாகப் பார்த்தேன்.

அரண்மனைத் திடல் வணிகத் திடலான கதை

1497 ஜூலை 8 அன்று வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறினார். 1498 மே மாதம் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் தேடி வந்தது மிளகு. அதன்பின் மிளகு, பட்டை, கிராம்பு வரவுகளுக்கெல்லாம் 'இந்திய மாளிகை' என்ற அரசாங்கக் கிடங்கை லிஸ்பனில் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். மன்னரே மொத்த வியாபாரி என்று சொல்லலாம்.

1755 நவம்பர் 1 அன்று பெரும் பூகம்பம். கடல் பொங்கியது, தீயும் பிடித்தது. அரண்மனையும் இந்திய மாளிகையும் அழிந்தன. நகரைத் திரும்பக் கட்டியபோது, அரண்மனை நின்ற ஆற்றங்கரைத் திடலுக்கு 'வணிகத் திடல்' என்றே பெயர் வைத்தார்கள். சீரமைப்புக்காக, வந்திறங்கும் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு நான்கு தர அவ்வூர் வணிகர்கள் முன்வந்தார்கள். புதிய தெருக்களைத் தொழில்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். வெள்ளித் தெரு, ஜவுளிக்காரர் தெரு, செருப்புத் தைப்போர் தெரு, கருவாட்டு வியாபாரிகள் தெரு என்னும் பெயர்கள் இன்றும் பலகையில் இருக்கின்றன. நம் ஊர் வளையல்காரத் தெரு, எண்ணெய்க்காரத் தெருவைப் போலத்தான்.

தமிழர்க்கு இன்னொரு தொடர்பும் உண்டு. முதன்முதல் அச்சேறிய தமிழ் நூல் 1554-இல் இந்த லிஸ்பனில்தான் அச்சாயிற்று. எழுத்து ரோமன் எழுத்து, மொழி தமிழ். அதை ஆக்கித் தந்தவர்கள் அங்கே இருந்த மூன்று இந்தியக் கிறிஸ்தவர்கள். அந்நாளிலேயே நம் நாட்டார் அங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

பீப்பாயும் ஆங்கிலேயரும்

அந்நாட்டில் குடியேறி வியாபாரம் செய்தவர்களில் பழையவர்கள் ஆங்கிலேயர். 1703-இல் இரு நாடுகளுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இங்கிலாந்தின் கம்பளித் துணி போர்த்துகலில் இறங்கலாம். போர்த்துகல் திராட்சை மதுவுக்கு இங்கிலாந்தில், பிரெஞ்சு மதுவைவிட மூன்றில் ஒரு பங்கு தீர்வை குறைவு. தீர்வை ஒன்று மாறினால் சந்தையே இடம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. வடக்கே போர்ட்டோ நகரில் ஆங்கிலேய மது வியாபாரிகள் குவிந்தார்கள். 1790-இல் அவர்கள் கட்டி முடித்த சங்கக் கட்டடம் இன்றும் உறுப்பினர் கையில் இருக்கிறது. புதன்கிழமைதோறும் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் உண்டு. ஒன்றுபோல் இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள். ஒன்றில் சாப்பாடு முடிந்ததும் அடுத்த கூடத்துக்கு எழுந்து போய் மதுவை ருசி பார்ப்பார்கள். சமையல் வாசனை மதுவின் வாசனையைக் கெடுக்கக் கூடாதாம். சரக்கின் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதையைப் பாருங்கள். அந்த மதுவை இன்றும் பீப்பாய்க் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு பீப்பாய் 550 லிட்டர்.

நம் தேநீர்க் கடைக்காரர்கள் அறிய வேண்டிய செய்தியும் ஒன்று. 1662-இல் போர்த்துகல் இளவரசி காதரீனா இங்கிலாந்து மன்னரை மணந்தார். சீதனமாகப் போனது பம்பாய். லண்டன் அரண்மனையில் தேநீர் குடிப்பதை நாகரிகமாக்கியவர் அவர்தான் என்பார்கள். பிறந்த வீட்டுப் பழக்கத்தை விட முடியாத ஒரு பெண்ணிடமிருந்து ஒரு தேசமே தேநீர் கற்றது என்றால், ஊர் ஏக்கத்தின் பலம் என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

'ஏக்கச் சந்தை'

போர்த்துகீசியரும் வெளியூர் பிழைப்பில் அனுபவப்பட்டவர்களே. 1960-களில் வறுமையும் ஆப்பிரிக்கப் போரும் தாங்காமல் லட்சக்கணக்கானோர், பலர் அனுமதிச் சீட்டுகூட இல்லாமல், எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனார்கள். போன இடத்தில் கட்டட வேலை, வீட்டு வேலை. கையில் காசு வந்ததும் முதலில் தேடியது உப்பிட்ட காட் மீன், ஒலிவ எண்ணெய், ஊர் மது. இவற்றை அனுப்பி விற்பதற்கு அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் வைத்த பெயர் 'சவுதாதே சந்தை'. சவுதாதே என்றால் பிரிவு ஏக்கம். ஏக்கத்துக்கே தனிச் சந்தை என்று பெயரிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இச்சொல்லை நம் ஏற்றுமதியாளர்களும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தச் சந்தையின் இலக்கணம் வேறு. வெளியூரில் இருப்பவன் விலை குறைந்ததைத் தேடுவதில்லை, தன் தாய் வாங்கிய அதே பொட்டலத்தைத் தேடுகிறான். லேபிள் நிறம் மாறினால்கூடச் சந்தேகப்படுகிறான். தெற்குக் கடற்கரையான அல்கார்வில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் ஆங்கிலேயர்களும் இப்படித்தான். சுற்றிலும் நல்ல ஆரஞ்சும் மீனும் மலிந்து கிடக்க, அவர்கள் தேடுவது ஊர்த் தேயிலையும் பிஸ்கோத்தும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அவ்வூர்க் கரோலினோ அரிசி தயிர்ச் சோற்றுக்கு நன்றாகக் குழைந்து வந்தது. மத்தி மீன் ஜூன் மாதத்தில் தெருவெல்லாம் சுடப்படும். ஊறவைத்த லூப்பின் பயறு நம் சுண்டல் போலவே இருக்கும். ஆனாலும் என் மகள் ஊரில் திரித்த சாம்பார்ப் பொடி டப்பாவை மட்டும் பூட்டாத குறையாகப் பத்திரப்படுத்துகிறாள்.

மார்த்திம் மோனிஸ் கடைவீதி

லிஸ்பனில் நம் சாமான் வேண்டுமென்றால் மார்த்திம் மோனிஸ் சதுக்கத்துக்குப் போக வேண்டும். 1147-இல் நகரம் கிறிஸ்தவ மன்னர் கைக்கு வந்தபோது, முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய பகுதி அதையொட்டி இருக்கிறது. கோட்டைக் கதவை மூடவிடாமல் தன் உடலையே முட்டுக் கொடுத்த வீரனின் பெயர் அச்சதுக்கத்துக்கு. அது செவிவழிக் கதை. ஆனால் அந்தக் கதவு வழியாக உலகமே உள்ளே வந்துவிட்டது போலத்தான் இன்று கடைவீதி இருக்கிறது.

அங்கே முதலில் கடை போட்டவர்களில் குஜராத்தியர் முக்கியமானவர்கள். தியூ முதலிய ஊர்களிலிருந்து ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் போய்க் கடை வைத்தவர்கள். 1961-இல் கோவா இந்தியாவுடன் இணைந்ததும் அங்கிருந்த இந்தியக் குடிமக்களை முகாமில் அடைத்துச் சொத்தைப் பறித்தது அன்றைய போர்த்துகல் அரசு. 1975-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றபோது, போர்த்துகல் குடியுரிமை வைத்திருந்தவர்கள் பலர் லிஸ்பன் வந்தார்கள். இரண்டாம் முறை கல்லாப்பெட்டி இல்லாமல் தொடங்கிய வியாபாரம் அது. பின்னால் வங்கதேசத்தவர், பாகிஸ்தானியர், நேபாளியர், சீனர் என்று பலரும் வந்தார்கள். துவரம் பருப்பு, கடலை மாவு, வெண்டைக்காய், பச்சை மிளகாய், பாசுமதி எல்லாம் கிடைக்கிறது. 'சமூசா'வை அவ்வூர்க்காரர் தம் பண்டமாகவே ஏற்றுக்கொண்டு எல்லாக் காப்பிக் கடையிலும் விற்கிறார்கள். கோவா வழி போன பண்டம் அது.

எல்லாம் சுமுகம் என்று சொல்வதற்கில்லை. 2024 டிசம்பர் 19 அன்று அப்பகுதியின் பென்ஃபொர்மோசோ தெருவில் போலீசார் சோதனை நடத்தி, ஏராளமானோரைச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்தார்கள். அந்தப் படம் நாடெங்கும் பரவி, 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் அதைக் கண்டித்து ஊர்வலம் போனார்கள். வெளிநாட்டில் கடை வைப்பவன் வாடகையும் வரியும் தந்தால் போதாது. தான் யாரென்று திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளை அனுப்பும் நாம் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பார்சல் அனுப்புவோர் கவனத்துக்கு

கடையில் கிடைக்காததை ஊரிலிருந்து தருவிப்பார்கள். இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. பிரிட்டன் 2020 இறுதியோடு ஐரோப்பியப் பொதுச் சந்தையை விட்டு விலகியது. அதுவரை லண்டனிலிருந்து உள்ளூர்த் தபால் போல வந்த பொட்டலங்கள் 2021 முதல் சுங்கத்தில் நின்றன. 22 யூரோ வரை வரியில்லை என்ற சலுகையையும் 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்துவிட்டது. அல்கார்வில் உள்ள ஆங்கிலேயருக்கும் நம்மவருக்கும் அன்றுமுதல் ஒரே சட்டம்.

நம் உறுப்பினர்கள் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை:

1. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சி, பால் பொருள்களைத் தனி ஆள் கொண்டு போகவோ பார்சலில் அனுப்பவோ கூடாது. நெய், பால்கோவா இதில் அடங்கும்.

2. கறிவேப்பிலை, முருங்கைக்காய் போன்ற பச்சைச் சரக்குக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டும் விலக்கு.

3. மொத்த ஏற்றுமதியில் இன்னும் கண்டிப்பு. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநாசினி இருப்பது பெல்ஜியத்தில் தெரிந்து, ஐரோப்பா முழுதும் எள் கலந்த பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே நம் எள்ளுக்குக் கட்டாயச் சான்றும் சோதனையும் வந்தன. எங்கோ சிலர் செய்த காரியத்துக்கு ஒழுங்காகப் புடைத்துச் சலித்து அனுப்பியவரும் சேர்ந்து அடிபட்டார். சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா என்பார்கள். அந்தச் சந்தையில் சரக்கு முறுக்கு ஒன்றுதான் செல்லும்.

இதில் ஒரு பாடம் உண்டு. பார்சல் வழி அடைபட அடைபட, பக்கத்தில் கடை வைத்து, முறைப்படி மொத்தமாக இறக்குமதி செய்து, ஒரு பொட்டலம் கேட்டாலும் எடுத்துத் தருகிற மளிகைக்காரரிடம்தான் சனம் போய் நிற்கிறது.

பழைய மளிகைகளின் நிலை

லிஸ்பனின் பழைய மளிகைக் கடைகள் பார்க்க அழகானவை. வாசலிலேயே காட் மீன் வாசனை. நீளக் கருவாட்டை, கேட்ட அளவுக்குக் கண்ணெதிரே வெட்டித் தருகிறார்கள். 1890-இல் தொடங்கிய மான்தைகாரியா சில்வா இன்றும் நடக்கிறது. 1930-இல் தொடங்கிய மீன் டப்பாக் கடையான கொன்செர்வெய்ரா டி லிஸ்போவாவில் ஒவ்வொரு டப்பாவையும் கையால் காகிதம் சுற்றித் தருகிறார்கள்.

ஆனால் 1985-இல் போர்ட்டோ அருகே முதல் 'கொன்டினென்டே' பேரங்காடி திறந்ததிலிருந்து சிறு கடைகளுக்கு இறங்குமுகம். 2012-இல் பழைய வாடகைப் பாதுகாப்பைச் சட்டம் தளர்த்தியதும், தலைமுறை தலைமுறையாக நடந்த பல கடைகள் மூடப்பட்டு, ஓட்டல்களும் சுற்றுலாக் கடைகளும் வந்தன. அவ்வூரார் விழித்துக்கொண்டார்கள். 2015-இல் லிஸ்பன் மாநகராட்சி 'வரலாறுள்ள கடைகள்' என்ற திட்டம் கொண்டுவந்தது. 2017-இல் நாடு முழுமைக்கும் சட்டமே வந்தது. இருபத்தைந்து ஆண்டுக்குக் குறையாமல் நடந்து, அவ்வூர் வரலாற்றில் இடம்பெற்ற கடை என்று அங்கீகாரம் பெற்றால் வாடகையில் பாதுகாப்பு உண்டு.

நம் மாநிலத்திலும் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் தராசு பிடித்த பலர் இன்று ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் தரும் கம்பெனிகள் ஒருபுறம், வாடகை ஒருபுறம். நம் சங்கம் ஒவ்வோர் ஊரிலும் ஐம்பது ஆண்டு கடந்த கடைகளைப் பட்டியல் எடுத்து, அவற்றுக்குத் தனி அங்கீகாரமும் குத்தகைப் பாதுகாப்பும் கேட்டு அரசுக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான யோசனை. லிஸ்பனில் முடிந்தது இங்கே முடியாததல்ல.

அதோடு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வெளியூர்ச் சனம் இன்று நம் தெருவிலேயே குடியிருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் கடுகெண்ணெயும் அவலும் சத்து மாவும் கேட்டு வருகிறார்கள். "அதெல்லாம் இங்கே கிடையாது" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர், லிஸ்பனில் நம் பிள்ளை துவரம் பருப்புக்கு அலைவதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும். இரண்டு சிப்பம் வரவழைத்து வைத்தால் முதலும் முடங்காது, புதிய வாடிக்கையும் சேரும். பேரங்காடிக்காரன் கணினியைப் பார்த்துச் சரக்கு எடுக்கிறான். நாம் எதிரே நிற்கும் மனிதனின் முகத்தைப் பார்த்து எடுக்கிறோம். அந்த ஒரு வசதி நம்மிடம் உள்ளவரை மளிகைத் தொழிலுக்கு அழிவில்லை.