குழாய் விறைத்தால் இதயம் என்ன செய்யும்?

நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்து, நாற்பது ஆண்டுகளாகப் பம்பும் குழாயும் விற்கும் வியாபாரி. இதில் எழுதுவதெல்லாம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பர்வதி மலைப் படி ஏறும்போது பாதியிலேயே மூச்சு வாங்கியது. ரத்த அழுத்தம் 170/70. "கீழ் எண் 70தானே, வயசானா மேல் எண் ஏறத்தான் செய்யும்" என்று நானே தீர்ப்பு எழுதி, அதற்கு முன்பே மாத்திரையை நிறுத்தியிருந்தேன். எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் அளவு 60 சதவீதம், அதாவது நல்ல அளவு. பம்பு நல்லாத்தானே இருக்கு, பின்னே ஏன் மூச்சு முட்டுது?

விடை குழாயில் இருந்தது. பிஸ்டன் பம்பின் தலையில் ஒரு காற்றுக் குடம் இருக்கும். பிஸ்டன் தள்ளும்போது தண்ணீர் அதில் ஏறிக் காற்றை அமுக்கும்; பிஸ்டன் பின்வாங்கும்போது அந்தக் காற்று தண்ணீரை வெளியே தள்ளும். அதனால் நீர் விட்டு விட்டு வராமல் சீராக ஓடும். இதயத்துக்கு அந்தக் குடம் பெருந்தமனி. இதை 1733லேயே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தீயணைப்பு எந்திரத்தின் காற்றுக் குடத்தோடு ஒப்பிட்டார். 1899இல் ஜெர்மானியர் ஓட்டோ ஃபிராங்க் கணக்காக்கினார்.

இடது கீழறை ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் தள்ளுகிறது. தமனி விரிந்து அதில் ஒரு பங்கை வாங்கி வைத்து, இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அனுப்புகிறது. இதயத் தசைக்கே ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் கிடைக்கிறது.

வயது ஏற ஏற, தமனிச் சுவரில் ரப்பர் போன்ற இழைகள் நைந்து, விறைப்பான நார் கூடுகிறது. சர்க்கரை, புகை, உயர் அழுத்தம் இதை விரைவுபடுத்தும். நாடி அலை இளம் வயதில் நொடிக்கு 5, 6 மீட்டர் ஓடும். விறைத்த தமனியில் 10 மீட்டரையும் தாண்டும். கிளைகளில் மோதித் திரும்பும் அலை, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து நிற்கிறது. மேல் எண் ஏறுகிறது. குடம் சுருங்கித் தள்ளாததால் கீழ் எண் இறங்குகிறது. நான் கொண்டாடிய அந்த 70, உண்மையில் விறைப்பின் அடையாளம்!

எதிர்ப்பைச் சமாளிக்க இடது கீழறைத் தசை தடிக்கிறது. தடித்த தசை சட்டென்று தளராது. தளராத அறை எளிதில் நிரம்பாது. மேலறை வீங்கி, அழுத்தம் நுரையீரல் வரை பின்னேறுகிறது. படி ஏறும்போது மூச்சு திணறுகிறது. தள்ளும் சக்தி சரி, நிரம்பும் சக்திதான் குறைவு. அந்த 60 சதவீதம் இதைச் சொல்லாது.

தென்னிந்தியரிடம் இதைப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934க்குப் பின் பிறந்தவர்களை நடுவயதில் அழைத்து, நாடி அலை வேகத்தையும் இடது கீழறைத் தசையின் எடையையும் அளந்தார்கள். 2000இல் வெளியான முடிவு: எடை குறைந்து பிறந்ததற்கும் இவற்றுக்கும் தொடர்பு காணவில்லை. 'பிறப்பிலேயே எழுதியாச்சு' என்று கையைக் கட்டிக்கொள்ள இடமில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மருந்தால் பலன் உண்டா? மேல் எண் மட்டும் உயர்ந்த, 60 வயது கடந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த 'ஷெப்' ஆய்வு 1991இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. இதயச் செயலிழப்பு ஏறக்குறைய பாதியானது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் சமண வீடுகளில் இரவு உண்ணாமையைப் பெருமையாகச் சொல்வோம்; பகலில் அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் கணக்கே கிடையாது!

ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அப்பா அம்மாவின் இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். இடைவெளி 60க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். மாத்திரையும் நடையுமாக நான் இப்போது பர்வதி மலையை இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிடுகிறேன்.